ரசீதில் யார் பெயர்?

தமிழ்நாட்டில் அரசு கட்டிய வீடுகளின் வரலாற்றைக் கட்டடங்களின் வரலாறாகத்தான் படித்திருக்கிறோம். எந்த ஆண்டில் எந்த வாரியம் வந்தது, அப்போது முதல்வர் யார், எத்தனை மாடி, எத்தனை சதுர அடி. ஒதுக்கீட்டு ஆணையில் ‘ஒதுக்கீட்டாளர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அதே வரலாற்றைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஓர் ஆணின் பெயர்தான் எழுதியிருக்கும். மாதாமாதம் வரிசையில் நின்று பணம் கட்டியவர் அவருடைய மனைவியாக இருப்பார். வாடகை வீடாக இருக்கும்வரை இது யாரையும் உறுத்துவதில்லை. குடியிருப்பவரே அந்த வீட்டை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு சொல்லும்போதுதான் அந்தக் கட்டத்துக்கு மதிப்பு வருகிறது.

சேலத்தில் என் அத்தை 40 ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த அப்படியொரு வீட்டுக்குக் கிரையப் பத்திரம் வாங்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. குடும்பத்தில் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவள் நான்தான் என்பது காரணம். தம்மம்பட்டியிலிருந்து ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குப் பேருந்தில் போய்வந்த அந்த இரண்டரை ஆண்டுகளில்தான், என் கையில் இருக்கும் காகிதங்கள் ஒவ்வொன்றும் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வாடகைக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். 1952-ல் மத்திய அரசு கொண்டுவந்த மானியத் தொழிலாளர் வீட்டுவசதித் திட்டத்தில், ஆலைத் தொழிலாளர்களுக்கு வீடு கட்டிக் குறைந்த வாடகைக்கு விட மாநிலங்களுக்குக் கடனும் மானியமும் கிடைத்தன. சென்னையில் 1940-களில் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் செய்துவந்த வேலையை, 1961-ன் சட்டப்படி உருவான வீட்டுவசதி வாரியம் மாநிலம் முழுவதற்குமாக எடுத்துக்கொண்டது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முழிப்பார். ‘ஸ்லம் போர்டு’ என்றால்தான் வண்டி நகரும். கிராமத்துக்கு என்று 1971-ல் இன்னொரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடியிருப்பு மனையே சொந்தம் என்றது அது. நிலவுடைமையாளர் நினைத்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசையைக் காலி செய்ய வைக்கலாம் என்றிருந்த நிலையை அந்தச் சட்டம் மாற்ற முனைந்தது. இதையெல்லாம் சிறிய சாதனைகள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தத் திட்டங்களின் சொற்களைக் கவனியுங்கள். ‘தொழிலாளி’, ‘குடும்பத் தலைவர்’, ‘குடியிருப்பவர்’. எதிலும் ஆண் என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 66-ஆவது பிரிவில், இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த விதிதான். மூன்று ஷிப்டு ஓடும் நூற்பாலையில், மூன்று ஷிப்டுக்கும் வராத ஆளை வைத்துக்கொள்வதற்கு முதலாளிக்கு என்ன அவசியம்? இந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல்தான் செல்லாது என்றது. அதற்குள் இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. ஆலை வேலை நிரந்தரம், கூலி வேலை நிரந்தரமில்லை. நிரந்தர வேலைக்காரருக்கு வீடு. இப்படித்தான் ஒதுக்கீட்டாளர் பெயர் மாமாவின் பெயரானது. அவர் நூற்பாலைத் தொழிலாளி. அத்தை, கொலுசுப் பட்டறையிலிருந்து வேலை வாங்கிவந்து வீட்டிலேயே செய்துகொடுத்தவர். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் இன்றும் திண்ணைகளில் நடக்கும் வேலை அது. சேலம் கொலுசுக்கு இந்தியா முழுக்கப் பெயர் உண்டு. அதைக் கோத்துத் தந்த பெண்ணைத் தொழிலாளி என்று எந்தப் பதிவேடும் எழுதிவைத்ததில்லை.

வாடகையிலிருந்து தவணைக்கு மாறியது அடுத்த கட்டம். வீடுகளைப் பராமரிக்கும் செலவு வாடகையில் தேறவில்லை. குடியிருப்பவர்களும் சொந்தமாக்கித் தரும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1977-ல் உலக வங்கிக் கடனோடு சென்னையில் தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டமும், வாடகை வேண்டாம், மனையையும் வீட்டையும் தவணையில் விற்றுவிடுங்கள் என்ற திசையிலேயே போனது. தவணை முறையின் சூட்சுமம் ஒன்றை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். கடைசித் தவணை கட்டி, நிலுவை இல்லை என்று சான்று பெற்று, கிரையப் பத்திரம் பதிவாகும்வரை வீடு வாரியத்தினுடையது. நடுவில் இருப்பது ஒதுக்கீடு மட்டும்தான். பல இடங்களில் அடிநிலம் வேறொரு துறையின் பெயரிலேயே கிடப்பதால், பணம் முழுக்கக் கட்டியவர்களுக்கும் பத்திரம் வராமல் போனது. இருபது, முப்பது ஆண்டுகள் நீளும் இந்த இடைவெளியில் ஆட்கள் இறக்கிறார்கள், பிரிகிறார்கள், இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்கிறார்கள், மகன்கள் வளர்ந்து சம்பாதிக்கிறார்கள். ஒதுக்கீடு மட்டும் அதே பெயரில் நிற்கிறது.

பொது வீட்டைக் குடியிருப்பவருக்கே விற்பது நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் மார்கரெட் தாட்சரின் அரசு 1980-ன் வீட்டுவசதிச் சட்டத்தின் மூலம், உள்ளாட்சி மன்ற வீடுகளில் மூன்று ஆண்டு வாடகைக்கு இருந்தவர் அந்த வீட்டைச் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை தள்ளுபடியோடு வாங்கலாம் என்றது. இன்றுவரை இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் அப்படி விற்றிருக்கின்றன. உடன் வசிக்கும் குடும்பத்தாரும் வாடகைதாரரோடு கூட்டாகச் சேர்ந்து வாங்க அந்தச் சட்டத்தில் வழி இருந்தது. வயதான பெற்றோருக்குப் பிள்ளைகள் பணம் போட்டு வாங்கிக் கொடுப்பதும், பிறகு அது யாருடைய வீடு என்ற பேச்சு எழுவதும் அங்கேயும் உண்டு. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-ல் வாடகை வீடுகளோடு தொடங்கி, 1964-ல் விற்பனைக்கு மாறியது. 1968 முதல் மத்திய சேமநிதியில் இருக்கும் பணத்தைக் கொண்டே வீடு வாங்கலாம் என்றானது. ஆனால் வாங்க வேண்டுமானால் ‘குடும்பம்’ இருக்க வேண்டும். மணமாகாத ஒருவர் தனியாக அத்தகைய வீட்டை வாங்க 1991-ல்தான் அனுமதித்தார்கள், அதுவும் 35 வயது நிறைந்திருந்தால், மறுவிற்பனைக்கு வரும் வீட்டை மட்டும். மூன்று நாடுகளில் மூன்று விதமான அரசுகள். வீட்டைத் தருவதற்கு முன், குடும்பம் என்றால் இன்னதுதான் என்று மூன்றும் முடிவு செய்துகொண்டன.

இனி அத்தை வீடு. மாமா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தவணை பாக்கி, அதற்கு வட்டி, வட்டிக்கு அபராதம் என்று ஒரு தொகை நின்றது. வட்டித் தள்ளுபடி அறிவிப்பு அவ்வப்போது வரும். அப்படி ஒன்று வந்த சமயத்தில், திருப்பூரில் வேலை பார்க்கும் அத்தையின் மகன் மொத்தத்தையும் கட்டினான். மிச்சம் இருந்தது பெயர் மாற்றமும் பத்திரமும். இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, நோட்டரி கையெழுத்தோடு சம்மதப் பத்திரங்கள். வாரிசுகள் நான்கு பேர்: அத்தை, மகன், இரண்டு மகள்கள். 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு.

நாங்கள் போய்ப் பார்த்த பத்திர எழுத்தர் நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். “அம்மாவும் பொண்ணுங்களும் தம்பி பேருக்கு விட்டுக் குடுத்துட்டா ஒரே வேலையா முடிஞ்சிரும். பாட்டிக்கு இந்த வயசுல பத்திரம் எதுக்கு, அலைச்சல்தான?” என்றார். அவர் அதைச் சதியாகச் சொல்லவில்லை. வேலையைச் சுருக்கமாக முடிக்கும் வழியாகத்தான் சொன்னார். மகனுக்கும் அது நியாயமாகவே பட்டது. பாக்கியைக் கட்டியவன் அவன்தான். சின்னவள் “எனக்கு ஒண்ணும் வேண்டாம், பொறந்த வீடுன்னு வந்து போனாப் போதும்” என்றாள். பெரியவள் பேசவேயில்லை. கணவனை விட்டு வந்து எட்டு ஆண்டுகளாக அத்தையோடு அதே வீட்டில் இருப்பவள் அவள். பத்திரம் தம்பி பெயருக்குப் போனால், அவள் அங்கே இருப்பது தம்பியின் தயவு.

அத்தை அன்று இரவு டிரங்குப் பெட்டியைத் திறந்து ரசீதுகளை எடுத்தார். ஆண்டுவாரியாக நூலில் கட்டி வைத்திருந்தார். கடைசித் தொகையை மகன் கட்டினான். அதற்கு முன் கட்டியதெல்லாம் இதோ என்று காட்டத்தான் எடுத்தார். முன்பக்கம் எல்லாவற்றிலும் மாமாவின் பெயர். நான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலால் கணக்கு: இத்தனை ஜோடி, இத்தனை ரூபாய், முன்பணம் போக இவ்வளவு. இன்னொன்றிலும் அப்படியே. பழைய ரசீதின் முதுகைத்தான் அத்தை கொலுசுக் கணக்கு எழுதப் பயன்படுத்தியிருக்கிறார், காகிதம் வாங்குவது மிச்சம் என்று. ஆலை மூடிக் கிடந்த மாதங்களில் மாமாவுக்குச் சம்பளம் இல்லை. அந்த மாதங்களின் ரசீதுகளும் கட்டில் இருந்தன, பின்பக்கத்தில் மற்ற மாதங்களைவிட நீளமான கணக்கோடு.

சட்டத்தின் கண்ணில் அந்தப் பென்சில் எழுத்துக்கு மதிப்பில்லை. யார் பெயரில் ரசீதோ அவர் கட்டியதாகத்தான் பொருள். ஆனால் அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தது நீதிபதி இல்லை, மகனும் மருமகளும்தான். மகன் நாலைந்து ரசீதைப் புரட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்யும் மருமகள்தான் கடைசிவரை பார்த்தாள். “அத்தை பேர்லயே வாங்கிரலாங்க. இவங்க கட்டுனது நமக்கே இப்பத்தான தெரியுது” என்றாள் வாசலைப் பார்த்து. உடனே முடிந்துவிடவில்லை. இரண்டு தீபாவளி போனது. சின்னவள் வீட்டுக்காரர், எழுதிக் கொடுப்பதானால் தம்பிக்குக் கொடு, மாமியாருக்கு ஏன் என்று கேட்டார். கடைசியில் மூன்று பிள்ளைகளும் அம்மாவுக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தார்கள். 71-ஆம் வயதில் அத்தை பெயரில் பத்திரம் பதிவானது. விரல் ரேகை இயந்திரத்தில் அவருடைய ரேகை விழவேயில்லை. வெள்ளியையும் அமிலத்தையும் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த விரல்கள்.

அத்தையின் பழைய ஆவணம் ஏதாவது கிடைக்குமா என்று தம்மம்பட்டியில் எங்கள் வீட்டுப் பரணைத் துழாவியபோதுதான் இன்னொரு காகிதம் கையில் கிடைத்தது. தாத்தா மரச்சிற்பி. இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கும் தம்மம்பட்டி மரச்சிற்பத்தில், தெய்வ உருவங்களும் வாகனங்களும் கதவுகளும் செய்தவர்களில் ஒருவர். செதுக்குவது ஆண்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவது வீட்டுப் பெண்கள். அத்தை பதினாறு வயதுவரை அந்த வேலை செய்தவர். தாத்தா சம்பாதித்து வாங்கிய வீடு, அவர் உயில் எழுதாமல் 1993-ல் இறந்த அடுத்த ஆண்டு, ஒரு விடுதலைப் பத்திரத்தின் மூலம் என் அப்பாவுக்கு வந்திருக்கிறது. எழுதிக் கொடுத்தவர்கள் அத்தையும் இன்னொரு அத்தையும். உடன்பிறந்த பாசத்தின் பேரில், எந்தத் தொகையும் பெறாமல். அந்த வீட்டில்தான் நான் பிறந்து, படித்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். “அப்ப எல்லார் வீட்லயும் அப்படித்தான். சீர் செஞ்சுதான அனுப்பிச்சோம்” என்றார்.

எல்லார் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்பது சரி. அப்படி நடக்கச் சட்டமும் இடம் வைத்திருந்தது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937-ன் சட்டம் விதவைக்குக் கணவர் சொத்தில் ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையை மட்டும் தந்தது. விற்கவோ கொடுக்கவோ முழு உரிமை இல்லை. அந்தத் தளையை 1956-ன் சட்டம் 14-ஆவது பிரிவில் அறுத்தது. அதே சட்டம் 23-ஆவது பிரிவில் ஒரு காரியம் செய்தது. நிலம், நகை, பணம் எல்லாவற்றிலும் மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் குடும்பம் வாழும் வீட்டை மட்டும், ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை, பங்கு பிரித்துத் தா என்று பெண் வாரிசு கேட்க முடியாது. மகள் அங்கே வந்து தங்கலாம், அவள் மணமாகாதவளாக, விதவையாக, கணவன் கைவிட்டவளாக, அல்லது கணவனைப் பிரிந்தவளாக இருந்தால். அதாவது வாழ்க்கை கெட்டுப்போனால் ஓர் அறை. தமிழ்நாட்டின் 1989 திருத்தம் நாட்டுக்கே முன்னோடிகளில் ஒன்று என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் அது பூர்விகச் சொத்தைப் பற்றியது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமான மகள்கள் அதில் வரவில்லை. 23-ஆவது பிரிவு 2005 செப்டம்பர் 9 வரை உயிரோடு இருந்தது. 1994-ல் அத்தைக்குத் தம்மம்பட்டி வீட்டில் பங்கு இருந்தது, அதைக் கேட்கும் வழி மட்டும் இல்லை. கேட்க முடியாத ஒன்றை விட்டுக்கொடுப்பதில் பெரிய தயக்கம் இருந்திருக்காது. ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள் என்று அத்தை சொன்னார். நிறம்கூட ஞாபகம் வைத்திருக்கிறார்: அரக்கு.

பதிவுத் துறையின் கட்டண அட்டவணையிலும் இந்தச் செய்தி இருக்கிறது, எவரும் அதை அப்படிப் படிப்பதில்லை. வெளியாரிடம் வீடு வாங்கினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் எழுதினால் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. சலுகை ஆண், பெண் இருபாலருக்கும் பொதுதான். ஆனால் அக்காவுக்காக அண்ணன் விட்டுக்கொடுத்த பத்திரத்தை நீங்கள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்ற சலுகை 2025 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

பெண் பெயரில் வீடு என்பதை அரசு வேறு வழிகளில் முன்பே செய்யத் தொடங்கியிருந்தது. 2004 சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்த வீடுகளை மனைவி, கணவர் இருவர் பெயரிலும் தர வேண்டும் என்றது தமிழ்நாடு அரசு. 2015-ல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் பெண் உரிமையாளராகவோ கூட்டு உரிமையாளராகவோ இருக்க வேண்டும் என்பது விதி. இதை வரவேற்கிறேன், முழு மனதோடு அல்ல. சென்னையில் 2000 முதல் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பெண்கள், நகரத்துக்குள் நடந்துபோய்ச் செய்துகொண்டிருந்த வீட்டு வேலைகளைத் தூரத்தினாலேயே இழந்தார்கள். யார் பெயரில் கொடுத்தாலும், பிழைப்பிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி வைத்த வீடு அது.

ஆனாலும் பெயர் வெறும் மையல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 500 மணமான பெண்களிடம் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் செய்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. சொத்து எதுவும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18, வீடு மட்டும் உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7. நிலத்தைவிட வீட்டுக்கு அதிகக் காவல் சக்தி இருப்பதைப் பாருங்கள். நிலம் இருந்தாலும் அடி விழும் ராத்திரியில் அங்கே போய்ப் படுக்க முடியாது. பெரியவள் தன் கணவனை விட்டு வந்த ராத்திரி, ஆத்தூரில் கடைசிப் பேருந்தைப் பிடித்து வந்து தட்டிய கதவு அத்தை வீட்டுக் கதவு. அப்போது அது வாரியத்தின் வீடு, மாமா பெயரில் ஒதுக்கீடு. தட்டினால் திறக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தம்பி பெயருக்குப் போயிருந்தால் என்று அவள் பிறகு ஒருநாள் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

பத்திரம் வந்ததோடு காகித வேலை முடியவில்லை. சொத்துவரி மாறிவிட்டது, மின் இணைப்பு இன்னும் மாமா பெயரில்தான். போன மாதம் அத்தை கூப்பிட்டு, “கண்ணு, நான் எழுதி வைக்காமப் போனா இது எப்படிப் பிரியும்?” என்று கேட்டார். மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக என்றேன். “அப்ப மறுபடியும் அவ கையெழுத்துப் போட உக்காரணும்” என்றார், பெரியவளை நினைத்து. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும், பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவைப்பது நல்லது, இரண்டு சாட்சிகள் கட்டாயம், அவர்களுக்கு அந்த உயிலால் ஆதாயம் இல்லாமல் இருந்தால் பின்னால் பேச்சு வராது என்று சொன்னேன். எதிர்வீட்டில் கொலுசு வேலை செய்யும் அம்மா ஒரு சாட்சியாக வர ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்னொரு சாட்சியாக என் அப்பாவைக் கூட்டிவரச் சொல்கிறார் அத்தை.